கேடிலியப்பரும் பனிமலையும்

"கீழ்வேளூர்க்காரனுக்குப் பனிமலையைப் பற்றி என்ன ஐயா கவலை?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். எங்கள் ஊரில் உயர்ந்த இடம், மாடக்கோயிலில் கேடிலியப்பர் வீற்றிருக்கும் கட்டுமலை ஒன்றுதான். ஆனால் 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே மதராஸ் ரெஜிமெண்டின் காவல் முகாம் புதையுண்டதே! மாண்ட பத்துப் பேரில் நால்வர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அன்று பிடித்தது இந்தக் கவலை.

அங்கே இடிந்தது பனிக்கட்டிச் சுவர். பனி ஆளை விழுங்கும் வழி வேறும் உண்டு. பருவத் தொடக்கத்தில் விழும் பனி மெல்லியது. கீழே தரையில் சற்றே வெப்பம், மேலே கொடுங்குளிர். இடையில் அகப்பட்ட பனி, நாளடைவில் சீனியைப் போல் பொலபொலத்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. தை மாசியில் அதன்மேல் கனத்த பனி கொட்டினால்? மணலைப் பரப்பி அதன்மேல் களிமண் கரை எழுப்பிய கதைதான்! 30 முதல் 45 டிகிரிச் சரிவில், ஓர் ஆள் கால் வைத்தாலே மேலடுக்கு மொத்தமும் சரியக்கூடும்.

ஆகவே, விஷயம் தெரிந்தவர்கள் முதலில் குழி வெட்டி அடுக்குகளைப் பார்க்கிறார்கள். பனியைத் தூண்போல் செதுக்கி, தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டுகிறார்கள். சில தட்டிலேயே நடுவில் வழுக்கினால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வழுக்காவிட்டாலும் அந்தக் குழி அந்த ஓரிடத்துக்கே சாட்சி. அடுத்த சரிவுக்கு அல்ல.

ஐப்பசி மழைக்கு முன் ஆற்றங்கரையில் நண்டு வளை தேடும் நம்மவர்களுக்கு இது புரியாதா, என்ன? மேலே பச்சைப் புல்; வினை இருப்பதோ அடியில்!

கேடிலியப்பா, அந்தப் பிள்ளைகளுக்குக் கேடு வராமல் காப்பாற்று. குழி வெட்டிப் பார்க்கும் பொறுமையையும் கூடவே கொடு!