கேமரா இல்லாமல் ஒரு படம்

சென்னையில் விஸ்காம் படிக்கும் அந்த மாணவியிடம் சொந்தக் கேமரா இல்லை. தோழிகள் லென்ஸ் விலை பேசும்போது ஒதுங்கிக்கொள்வாள். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

அப்போதுதான் வகுப்போடு கொச்சிக்குப் போனாள். கொச்சி - முசிரிஸ் பினாலேயுடன் 2014 முதல் நடந்துவரும் மாணவர் பினாலேயைப் பார்க்க. அங்கே நீல நிறத்தில் சில படங்கள்.

“எந்தக் கேமரா?” என்று கேட்டாள்.

“கேமராவே இல்ல. வெயில்தான்” என்றான், படைத்த மாணவன்.

அது சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலை வெயில் படாத அறையில் தாளிலோ துணியிலோ பூசி, காய்ந்ததும் இலையை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். தண்ணீரில் அலசினால், இலை மறைத்த இடம் வெள்ளையாகும், மற்றதெல்லாம் நீலமாகும்.

சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்? அம்மா கரித்துணிக்கு ஒதுக்கிய பழைய பருத்திப் புடவையில், முருங்கை இலைகளைப் பரப்பினாள். முதல் மூன்று துண்டுகள் அலசும்போதே வெளுத்துப்போயின. நான்காவதில் இலைகள் நின்றன.

கல்லூரிக் கண்காட்சிக்கு வந்த அம்மா, படத்தை விட்டுவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தார். “நீ வயித்துல இருந்தப்போ கட்டினதுடி இது!”

படத்துக்கு அதுவரை தலைப்பு இல்லை. அம்மா சொன்னதையே எழுதி ஒட்டினாள்.