பீச்சாங்கை நாள்



போன ஞாயிறு காலை மொட்டைமாடியில் பேத்தி கூடைப்பந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து விரல் காட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கீழ்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். "சார், தலைக்கு மேல உரல்ல இடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் உடனே இறங்கவில்லை. "அது என்ன சார், நீங்க விரலக் காட்டுறீங்க, பாப்பா எண்ணிக்கிட்டே தட்டுது?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. அரை மணி நேரம் பிடித்துக்கொண்டேன். அவருக்குச் சொன்னதையும் சொல்லாததையும் இங்கே எழுதுகிறேன்.

பேத்தி ஏழாம் வகுப்பு. பள்ளி அணியில் சேர வேண்டும் என்கிறாள். முதல் நாள் பந்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தாள், கண் பந்தின் மேலேயே. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கண்ணை எடுத்தால் பந்து ஓடிவிடும் என்ற பயம். உள்ளங்கை பட்டால் 'பட் பட்' என்று சத்தம் வரும். விரல்களை விரித்து, விரல் சதையால் அழுத்தித் தள்ளினால் தரையில்தான் சத்தம், கையில் இருக்காது. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து நிற்க வேண்டும். பந்து இடுப்புக்கு மேலே எழும்பக் கூடாது. எதிராளி பக்கத்தில் வந்துவிட்டால் முழங்கால் உயரம் போதும். உயரம் குறையக் குறைய பந்து கையைவிட்டுப் பிரிந்திருக்கும் நேரமும் குறையும், தட்டிப் பறிக்க முடியாது.

விரல் காட்டுவது கண்ணுக்கான பயிற்சி. நான் மூன்று விரல் காட்டினால் அவள் "மூணு" என்று சொல்ல வேண்டும், கை நிற்கக் கூடாது. பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவளுக்குத் தன் தோழி எங்கே நிற்கிறாள் என்று எப்படித் தெரியும்?

ஒரு வேடிக்கை, இந்த ஆட்டம் பிறந்தபோது பந்து தட்டிக்கொண்டு போவது என்பதே கிடையாது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி இதை உண்டாக்கினார். அவரும் உடற்கல்வி ஆசிரியர்தான், நம்ம ஆள். அவர் எழுதிய 13 விதிகளில், பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று இருந்தது. ஆட்கள் மறித்துக்கொண்டால் என்ன செய்வது? பந்தைத் தரையில் போட்டுத் தானே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தனக்குத் தானே பாஸ். மாட்டிக்கொண்டவன் கண்டுபிடித்த வழி அது.

மாட்டிக்கொண்டவள் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

1996. நான் வேலை பார்த்த பள்ளியில் மண் தரைதான். சுண்ணாம்புக் கோடு. மழை பெய்த மறுநாள் பந்து எழும்பவே எழும்பாது. பதினான்கு பெண்களுக்கு இரண்டு பந்து, அதுவும் ஆண்கள் ஆடும் ஏழாம் எண் பந்து. சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த அணியில் பந்தை மேலே கொண்டுபோகிற பெண் ஒருத்தி இருந்தாள், பதினோராம் வகுப்பு. பெயர் வேண்டாம். சோத்தாங்கையில் பந்து வந்துவிட்டால் அவளை நிறுத்த ஆளில்லை. குறுவட்டப் போட்டி முழுக்க அந்த ஒரு கையாலேயே ஜெயித்தோம். இடது கை சுத்தமாக வராது. எனக்குத் தெரியும். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வருவாய் மாவட்ட இறுதி ஆட்டம். எதிரணி மாஸ்டர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். தன் பெண்ணை இவளுடைய வலப்பக்கமாக அரை ஆள் தள்ளி நிறுத்தினார், அவ்வளவுதான். வலப்பக்கம் அடைத்துவிட்டது, இடப்பக்கம் திறந்து கிடக்கிறது, போகக் கை இல்லை. ஒரு முறை பந்து காலில் பட்டு வெளியே போனது. அடுத்த முறை பறித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் பாதிக் கோட்டைத் தாண்ட 10 விநாடி, இப்போது 8. அந்தப் பத்துக்குள்ளும் தாண்ட முடியாமல் நின்றாள். ஆறு புள்ளியில் தோற்றோம்.

இடைவேளையில் நான் கத்தினேன். "அது கையா, கட்டையா?" பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்சில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும் சார்" என்றார் அப்பா. அவர் ஏற்கெனவே அரை மனசாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். மறுப்பதற்கு ஒரு காரணத்தை நானே செய்து கொடுத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஆடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்டிருக்கலாம்.

அந்த வருடத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் எங்கள் மைதானத்தில் பீச்சாங்கை நாள். சோத்தாங்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அழுவார்கள். நின்ற இடத்தில் கணுக்கால் உயரம் முப்பது, முழங்கால் உயரம் முப்பது, இடுப்பு உயரம் முப்பது. பிறகு கால்களுக்கிடையில் எட்டுப் போடுவது. பிறகு செங்கல்லை வரிசையாக வைத்து வளைந்து வளைந்து நடப்பது, நடை வந்த பிறகுதான் ஓட்டம். கடைசியில் இரண்டு கையிலும் இரண்டு பந்து, ஒரே நேரத்தில். தடுமாறுகிற பிள்ளையை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் கேவலமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம் எப்போது வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் தினமும் பத்து நிமிடம் தட்டுகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளையைத் தாண்டிவிடும். இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பெண் முகநூலில் என்னைத் தேடிப் பிடித்து நட்பு அழைப்பு அனுப்பினாள். "சார், என்ன ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். இருக்காமல்? பொங்கலுக்கு வாழ்த்து வரும். என் மூட்டு வலிப் பதிவுக்குக்கூட விருப்பக்குறி போட்டிருக்கிறாள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அம்மா, இதைப் படிப்பாய் என்று தெரியும். தனியாக எழுதலாம் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் திட்டியது எல்லார் முன்னாலும். அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். உன் கையில் குறை இல்லை. இடது கையைப் பழக்கிவிட வேண்டியது என் வேலை. அதை நான் செய்யவில்லை. என்னை மன்னித்துவிடு.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பழைய பாயை விரித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், பந்து எழும்பவில்லை. கடைசியில் அவரே, "கீழ பார்க்கிங்ல வச்சுக்குங்க சார், ஏழு மணிக்கு நான் கார வெளிய எடுத்துடறேன். என் பேரனும் வருவான்" என்றார். எட்டுச் செங்கல் எடுத்து வைத்திருக்கிறேன். பேத்திக்கு இடது கையில் மூன்றாவது செங்கல்லிலேயே பந்து ஓடிவிடுகிறது.