கைப்பேசிக்கு ஒரு கவசம்

வாளுக்கு உறையும், ஓலைச்சுவடிக்குக் கட்டுப்பலகையும் வேண்டப்படுதல் போலக் கைப்பேசிக்கும் ஒரு கவசம் வேண்டப்படுகின்றது. என் கைப்பேசி, என் அன்னையார் ஈராண்டுத் தையற்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கியளித்தது. என் பாடக்குறிப்புகளும், உதவிச்சம்பள விண்ணப்பமும், நாள்தோறும் ஊரினின்று வரும் அவர்தம் குரலும் அதனுள்ளே அடங்கியுள்ளன. ஆதலின், அதற்கு உறை தேடப் புகுந்த யான் விளையாட்டாக அதனைச் செய்தேனல்லேன்.

கடையிலோ நூறு வகை இருந்தன. கனத்த உறை செங்கல்லேபோற் சட்டைப்பையைக் கீழிழுக்கும். மெல்லியதோ பெயரளவிற்கே உறையாகும். மெலிவும் வலிவும் ஒருங்கே அமைதல் கூடுமோவென்று ஐயுற்ற எனக்குப் பௌதிக நூலே துணைசெய்தது. ஒரு மீட்டர் உயரத்தினின்று விழும் பொருள் ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்தப்படுமாயின், அதன் எடையைப்போல் ஏறத்தாழ 1000 மடங்கு விசை அதனைத் தாக்கும். 200 கிராம் கைப்பேசியின்மேல் 200 கிலோகிராம் மூட்டையை ஏற்றினாற் போலாம்! நிற்குந் தொலைவு இரண்டு மில்லிமீட்டராயின் அவ்விசை பாதியாய்க் குறையும். ஆகவே, வெள்ளத்திற்கு வளையும் நாணலைப்போல் நெகிழ்ந்து கொடுத்தலே உறையின் தலையாய தொழிலென்பது போதரும்.

இனிப் பொருள்களை நோக்குவோம். பாலிகார்பனேட்டு விறைப்பானது, வடிவு குலையாது, அதிர்ச்சியை உண்ணும் ஆற்றல் குறைவு. டி.பி.யு. என்னும் நெகிழ்பொருள் அதிர்ச்சியை நன்கு ஏற்கும். அதிலே ஒளிபுகும் வகை வெயிலாலும் வெப்பத்தாலும் நாளடைவில் மஞ்சளிக்கும். சிலிக்கோன் கையில் வழுக்காது; பையிலுள்ள பஞ்சுத்தூசியையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். 1965 இல் ஸ்டெபனி குவோலெக் அம்மையார் கண்டறிந்த கெவ்லார், அராமிடு இழை இனத்தைச் சார்ந்தது. அவ்வின இழையாலாகும் உறை மிக மெல்லியது, உறுதியானது, கீறலுக்கு அரணாவது. எனினும் நெகிழாமையின் வீழ்ச்சியிற் பெரிதும் உதவாது.

உறைப்பெட்டிகள் பலவற்றிற் 'படைத்தரம்' என்னுஞ் சொல் பொலிவதைக் காண்கிறோம். அது அமெரிக்கப் படைத்துறையின் 810 ஆம் எண் தரநூலைச் சுட்டுவது. அதன் வீழ்ச்சிச் சோதனையிற் பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்தினின்று 26 முறை வீழ்த்துவர்: முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8. அவ்வீழ்ச்சிகளை ஐந்து உருப்படிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் இடமுண்டு. தேறியதாக உரைப்பவர் பெரும்பாலும் விற்பவரே. ஆதலின் அச்சொல்லை மட்டும் நம்பிப் பணங் கொடுத்தல் தகாது.

இங்ஙனம் ஆராய்ந்து, முதுகு விறைப்பாய் மெலிந்தும், விளிம்பு நெகிழ்ந்தும், நான்கு மூலைகளும் சற்றே தடித்தும் உள்ள ஓர் உறையைத் தெரிந்தேன். மூலையில் விழும்போதே விசை சிறு இடத்திற் குவிகின்றதாகலின், கனம் அங்கிருந்தாற் பெரும்பாலும் போதும். உறையிட்ட கைப்பேசியை மேசைமீது குப்புற வைத்தும் பார்த்தேன். விளிம்பு உயர்ந்திருந்தமையால் கண்ணாடி பலகையைத் தொடவில்லை.

உறை வாங்கும் மாணவ நண்பர்காள்! கடையிலேயே இச்சோதனையைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை. வாரம் ஒருமுறை உறையைக் கழற்றித் துடைமின். உள்ளே புகுந்த மணல், காக்க வந்த உறையைக் கொண்டே கைப்பேசியைத் தேய்க்கும். நம் கையிலுள்ளது பிறர் உழைப்பாயின், அதனைப் பேணுதலும் நாம் செலுத்தும் நன்றியேயாம்.