கொதித்தாறிய நீர்

வெல்லாவெளியில் எங்கள் வளவுக் கிணற்றைக் குறை கூறிய எவரும் எங்கள் வீட்டில் இரண்டாம் முறை உணவருந்தியதில்லை. அம்மாவின் நம்பிக்கையில் அக்கிணறு ஒரு குலதெய்வம். அம்மம்மாவின் தலைமயிர் எழுபது வயதிலும் முற்றாக நரைக்காமைக்கும், நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தமைக்கும் அதன் நீரே காரணம் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கமாகிய படுவான்கரையில் உள்ளது எங்கள் ஊர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து எங்களிடம் வருவோர் குறைவு. அதனாலோ என்னவோ, வருபவருக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீரும் பின்னர் வயிறு கொள்ளாத சோறும் கொடுப்பது எமது பெருமை. அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம். எங்கள் பகுதிக் கூத்துகளைப் பற்றி ஆராய்வதற்காக ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாணவர் ஒருவர் வந்தார். தங்குவதற்கு வேறிடமின்மையால் எங்கள் வீட்டில் தங்கினார். ஊரில் ஓரளவு ஆங்கிலம் பேசத் துணிந்தவன் என்பதால் நான் மொழிபெயர்ப்பாளனானேன். முதல்நாள் மதியம் பாயில் அமர்ந்ததும் அம்மா செம்பை நீட்டினார். அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்ட அவர், தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்: “இது கொதித்தாறிய நீரா?”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கேள்வியை அவரிடம் மொழிபெயர்ப்பதென்றால், “உங்கள் கிணற்றை இவர் நம்பவில்லை” என்று சொல்வதாகவே எனக்குத் தோன்றியது. நான் ஆங்கிலத்தில் “ஆம்” என்றேன். அவர் செம்பை அண்ணாந்து முழுவதும் குடித்தார். அம்மாவுக்கு மகிழ்ச்சி. அடுத்து எருமைத் தயிர் வந்தது.

மூன்றாம் இரவு அவருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. விடிவதற்குள் எத்தனை முறை வளவின் பின்புறம் போய் வந்தார் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் கைவிளக்கை ஏந்திக்கொண்டு நான் முன்னே நடந்தேன். மறுநாள் அவர் கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்துக் கிடந்தார். ஊர் கூடித் தீர்ப்புக் கூறியது. சிலர் கண்ணூறு என்றனர். சிலர் வெள்ளைக்காரர் வயிறு தயிருக்குப் பழகாதது என்றனர். அம்மம்மா திருநீறு போட்டார். கிணற்றை மட்டும் எவரும் வாயெடுத்துக் கூறவில்லை. நானும் கூறவில்லை. மருத்துவமனையில் ஜீவனிப் பொதிகளைக் கொடுத்தனுப்பினர். நான்கு நாட்களில் தேறினார். ஆயின் அதன்பின் பட்டணத்திலிருந்து போத்தல் நீரைத் தருவித்துக் குடித்தார். அதை அம்மா கண்டார். ஒன்றும் பேசவில்லை, சோறு போடும்போது “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்துவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவரை அறியாதவர்க்கு அது கோபமென்று விளங்காது. அம்மாணவர் விடைபெற்ற நாளில் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவர் படலையடியில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

பின்னர் நான் பல்கலைக்கழகம் புகுந்தேன். ஒரு பருவம் சென்னையில் கற்கும் வாய்ப்பும் கிடைத்தது. மொழி ஒன்று, சோறு ஒன்று, கடல்கூட ஏறத்தாழ ஒன்றே. அங்கு நான் அந்நியனாவேன் என்று எண்ணவேயில்லை. என் வயிறு வேறுவிதமாக எண்ணியது. ஆறாம் நாள் இரவு நோய் தொடங்கியது. கரும்புச்சாற்றில் மிதந்த பனிக்கட்டியா, உணவுக் கடைச் சட்னியா, எது காரணமென்று இன்றும் அறியேன். நாற்பது பேருக்குப் பொதுவான விடுதிக் கழிப்பறையின் வாயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவனின் அவமானத்தை எந்தப் பாடநூலும் எழுதாது. உடல் நோவைவிட, எவராவது கதவைத் தட்டிவிடுவாரோ என்ற அச்சமே பெரிதாயிருந்தது. அந்த இருட்டில், படுவான்கரையில் என் பின்னால் நடந்து வந்த அம்மனிதரின் காலடியோசை எனக்குக் கேட்டது.

அறைத்தோழர் திருநெல்வேலிக்காரர். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, மிடறு மிடறாகக் குடிக்கச் செய்தார். மிளகாய் படாத கஞ்சி வைத்துத் தந்தார். இரத்தம் போனாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவரிடம் இழுத்துச் செல்வேன் என்று எச்சரித்தார். அவை நேரவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் நூலகத்தில் இதைப் பற்றியே தேடிப் படித்தேன். வரலாற்று மாணவனுக்கு வயிற்றோட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டென்பது வியப்பாயிருந்தது. 1950களில் பி. எச். கீன் என்ற மருத்துவர் மெக்சிக்கோவில் கற்கச் சென்ற அமெரிக்க மாணவரிடையே இந்நோயை ஆராய்ந்தார். பெரும்பாலோரிடம் அந்நாளில் அறியப்பட்ட நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலையின் நஞ்சு சுரக்கும் ஓர் இனமே முதன்மையான காரணம் என்பது 1970களிலேதான் தெளிவாயிற்று. அந்நஞ்சுகளுள் ஒன்று வாந்திபேதியின் நஞ்சுக்கு நெருங்கிய உறவு. வாந்திபேதிக்கு அப்படியொரு நஞ்சு உண்டென்பதை 1959இல் கல்கத்தாவில், முயலின் குடலைக் கொண்டு நிறுவியவர் சம்புநாத் டே. சுகாதார வசதி குன்றிய நாடுகளுக்கு இரண்டு வாரம் செல்லும் பயணிகளில், இடத்தைப் பொறுத்து, நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை நோயுறுவர் என்பது மருத்துவர்களின் கணக்கு. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவரின் உடல் சிறுவயது முதல் அக்கிருமிகளோடு மோதி ஓரளவு எதிர்ப்பைச் சேர்த்துக்கொள்கிறது. “நாங்கள் குடிக்கிறோமே, எங்களுக்கு ஒன்றும் இல்லையே” என்ற அம்மாவின் வாதம் உண்மையே. கிணறு தூயது என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. மாரிவெள்ளம் வளவை மூடி வடியும் ஒவ்வோர் ஆண்டும் கிணற்றில் எதுவெல்லாம் கலக்கும் என்பதை நாங்கள் நினைக்க விரும்புவதில்லை. 2011 தை மாத வெள்ளத்தை மறந்தவர் எங்கள் பக்கத்தில் எவருமிலர்.

உப்பும் சீனியும் கலந்த அந்த நீரின் கதை என்னை அதிகம் அசைத்தது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் எல்லையோர ஊராகிய பன்காவில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தனர். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை. திலீப் மகலனாபிஸ் என்ற இளம் மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் கலந்து பெரிய கலங்களில் கரைத்து, நோயாளரின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் செய்தார். 30 வீதம் வரை இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. நோயுற்ற குடலிலும் குளுக்கோசு தான் உள்ளே நுழையும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 2022இல் அவர் காலமானார். எங்கள் ஊரில் ஜீவனிப் பொதியைக் கிழித்துக் கரைக்கும் எவருக்கும் அவர் பெயர் தெரியாது. அன்றுவரை எனக்கும் தெரியாது.

நோயின் நடுவில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றேன். அம்மாவை ஏமாற்ற முடியவில்லை.

“குரல் ஏன் மனே அடங்கிக் கிடக்கு? தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி. ஊர்த் தண்ணியெண்டு நினச்சுக் குடிச்சிராத.”

சொன்னவர் எங்கள் கிணற்றின் பூசாரி! எனக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்தால் வயிறு நொந்தது. பிற ஊர் நீரை ஐயுறும் உரிமை தன் மகனுக்கு உண்டென்றால், வேறொரு தாயின் மகனுக்கும் அது உண்டல்லவா?

விடுமுறைக்கு ஊர் திரும்பியதும், அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த வேளையில் உண்மையைச் சொன்னேன். அவர் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று முழுவதும் சொன்னேன். சுளகு நின்றது. கிணற்றுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நீ என்னட்டச் சொல்லியிருந்தா ரெண்டு சட்டி கொதிக்க வச்சிருப்பனே மனே. விறகுக்கா இங்க பஞ்சம்?”

சிறிது நேரங்கழித்து, “அந்தப் பிள்ள படலையில நிண்டது எனக்குத் தெரியும்” என்றார். பின்னர் சுளகை எடுத்துக்கொண்டார்.

என்னிடமிருந்த பழைய முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் வீடு மாறியிருக்கலாம். எங்கள் அடுப்படியில் இப்பொழுது மூடியிட்ட மண்பானை ஒன்று புதிதாக இருக்கிறது. நாள்தோறும் காலையில் அம்மா அதில் கொதித்தாறிய நீரை நிரப்புகிறார். விருந்தினருக்கு மட்டும்தான். நான் அதில் கை வைத்தால், கிணற்றைக் காட்டுகிறார்.