திராட்சை இரசமும் எங்கள் சஹனும்

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் சிவப்பு வைன் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றை மொழிபெயர்த்திருக்கின்றேன். கபர்னே சோவின்யோன் ஆட்டிறைச்சிக்கு, பினோ நுவார் வாத்திறைச்சிக்கு என்றெல்லாம் எழுதிய இந்தக் கல்முனைக்காரன் அதில் ஒரு துளியும் அருந்தியவனல்லன்.

பொருத்தத்தின் காரணம் மட்டும் விளங்கியது. கறுந்திராட்சையின் தோலில் நிறமும் துவர்ப்பும் உள்ளன. தோலோடு நொதிக்கவிடும்போது இரண்டும் வைனில் இறங்குகின்றன. துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு பிணைந்து மென்மையாகின்றது. புளிப்பு கொழுப்பின் திகட்டலைப் போக்குகின்றது. ஆனால் மிளகாயோடு ஒத்துவராது. மதுசாரம் எரிவைக் கூட்டிவிடும்.

எம் நாட்டில் திராட்சைக்குப் பெயர்போனது யாழ்ப்பாணம். அங்கே அதனை முந்திரிகை என்பர். இஸ்ரேல் புளூ என்ற கருநிற இனம் அங்கு பரவலாகப் பயிராகின்றது. 1928 இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் தொடங்கிய றோசரியன் துறவற சபையின் வைனும் நெல்லிச்சாறும் பிரசித்தமானவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளன்று யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க நண்பரொருவர் விருந்துக்கு வந்தார். "திராட்சை இரசம் கொண்டு வந்திருக்கிறன்" என்று போத்தலை நீட்டினார். மனைவி என்னைச் சமையலறைக்கு அழைத்து, "இது குடிக்கிற சாறா, மத்ததா?" என்றாள். கேள்வி நியாயமானது. தமிழ் விவிலியத்தில் திராட்சரசம் என்றால் மது; எங்கள் ஊரில் ரசம் என்றால் சோற்றுக்கு ஊற்றுவது. கேட்டால் விருந்தாளி மனம் நோகுமோ என்ற தயக்கம். கேளாவிட்டால் பிள்ளைகளின் குவளைக்குள் என்ன போகும்?

கேட்டேன். "சாறுதான். காய்ச்சி அடைச்சது. பூசைக்குரியதை உங்கட வீட்டுக்குக் கொண்டு வருவனா?" என்று சிரித்தார். காய்ச்சும்போது நொதியம் இறந்துவிடும். இல்லாவிடின் எமது வெக்கையில் பிழிந்த சாறு விரைவிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும்.

அன்று பேச்சு வினாகிரி பக்கம் திரும்பியது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் 924 இன்படி, பூசைக்குரிய வைன் திராட்சையிலிருந்து வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும். புளித்து வினாகிரியாகிவிட்டால் அது பீடத்துக்கு ஆகாது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலோ, எதையும் சேர்க்காமல் தானாகவே வினாகிரியாக மாறிய மது ஹலால். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினாகிரியை நல்ல தொடுகறியெனப் புகழ்ந்தமை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. "எங்களுக்குக் கெட்டுப்போனது உங்களுக்கு ஆகுமானதோ?" என்று நண்பர் வியந்தார்.

சஹனில் புரியாணியும் மாட்டிறைச்சியும் இருந்தன. அருகே சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம் ஊறிய அச்சாறு. சிவப்பு வைனின் புளிப்புச் செய்யும் வேலையை எங்கள் பந்தியில் இந்தத் தென்னங்கள் வினாகிரியே செய்கின்றது. மிளகாயோடும் அதற்குப் பகையில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அசற்றிக் அமிலக் கரைசலை வினாகிரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. நண்பர் இறைச்சியைக் காட்டிலும் அச்சாற்றையே அதிகம் உண்டார். போகும்போது ஒரு போத்தலில் கட்டியும் கொண்டு போனார்.