உணர்ச்சிக்கு ஒரு திசை உண்டு

சீன மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை கைக்கு வந்துவிடும். கோபம் என்றால் கல்லீரல், மகிழ்ச்சி என்றால் இதயம், ஓயாத யோசனை என்றால் மண்ணீரல், துக்கம் என்றால் நுரையீரல், பயம் என்றால் சிறுநீரகம். மனப்பாடம் செய்வது எளிது. கைப்பேசியில் சுற்றிவரும் படங்களிலும் இதே அட்டவணைதான். ஆனால் நோயாளி எதிரே வந்து உட்கார்ந்ததும் இது போதாது என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகள் நாடியும் ஊசியும் பிடித்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எந்த உணர்ச்சி உடம்பில் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று கவனித்து வைத்திருப்பதுதான் இந்த மருத்துவத்தின் உயிர்நாடி.

இதற்கு மூலம் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் இந்தத் தொகுப்பு சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன் 'ஸூவென்' பகுதியில் 39ஆம் அத்தியாயம் வலியைப் பற்றிப் பேசத் தொடங்கி, உடம்பில் ஓடும் 'ச்சி' என்னும் உயிராற்றல் நிலைகுலைய ஒன்பது காரணங்களை வரிசைப்படுத்துகிறது. கோபத்தில் ச்சி மேலே ஏறும். பயத்தில் கீழே இறங்கும். மகிழ்ச்சியில் தளரும். துக்கத்தில் கரையும். திடுக்கிடும்போது தாறுமாறாகும். ஓயாமல் யோசித்தால் முடிச்சு விழுந்து நின்றுவிடும். மீதி மூன்று காரணங்கள் குளிர், வெப்பம், அளவுமீறிய உழைப்பு.

இந்த வரிசையை முதன்முதலில் ஊன்றிப் படித்தபோது எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. துக்கமும் குளிரும் அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. மனத்துக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு என்று அந்த மருத்துவர்கள் பிரிக்கவில்லை. மழையில் நனைந்தவனிடம் எப்படிக் குற்றம் காணமாட்டோமோ, அப்படியே துக்கத்தில் இருப்பவனிடமும் குற்றம் காண இடமில்லை. 1174இல் சென் யென் என்ற மருத்துவர் நோய்க்கான காரணங்களை மூன்றாக வகுத்தபோது, ஏழு உணர்ச்சிகளை உட்காரணம் என்று தனியே வைத்தார். அவை எல்லோருக்கும் இயல்பாக வருபவை. திடீரென்று அளவுமீறித் தாக்கினாலோ, நெடுங்காலம் வெளியேற வழியின்றித் தேங்கினாலோதான் நோயாகும்.

இன்னொன்றும் இங்கே தெளிவாக வேண்டும். சீன மருத்துவம் பேசும் கல்லீரல், ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டுமே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ச்சியைத் தடையில்லாமல் ஓடவிடுவது, இரத்தத்தைச் சேமித்து வைப்பது, தசைநாண்களுக்கு ஊட்டம் தருவது, கண்ணுக்குத் தெளிவு தருவது என்று பல வேலைகள் சேர்ந்த ஒரு தொகுதிக்கு அந்தப் பெயர். ஆகவே "கோபம் கல்லீரலைத் தாக்கும்" என்று படித்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை.

சிகிச்சை அறையில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கிறோம். கட்டைவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பு மேட்டை ஒட்டி நடுவிரல் அமரும் இடத்துக்குக் 'குவான்' என்று பெயர். இடது கையில் அது கல்லீரலின் இடம். கோபத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வருடக்கணக்கில் விழுங்கி வாழ்ந்தவரின் நாடி அங்கே முறுக்கேற்றிய யாழ் நரம்புபோல நீளமாக, விறைப்பாக விரலைத் தொடும். கூடவே நாக்கின் ஓரங்கள் சிவந்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து பாதத்தின் மேல் விரலை வழுக்கிக்கொண்டே போனால் இரண்டு எலும்புகள் சேருமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். 'தாய்ச்சோங்' புள்ளி அது. இலேசாக அழுத்தினாலே இப்படிப்பட்டவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். அங்கே ஊசி இறங்கியதும் கனமாக, விண்விண்ணென்று ஓர் உணர்வு வரும். சற்று நேரத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு வரும். அந்த மூச்சுக்காகத்தான் நான் காத்திருப்பேன். மேலேறி நின்றது இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

முடிச்சு விழுந்த ச்சிக்குத் தொண்டை ஒரு நல்ல உதாரணம். "எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க சார். ஆனா தொண்டையில ஏதோ அடைச்சுக்கிட்டே இருக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல" என்பார்கள். சோறு தடையில்லாமல் இறங்கும். சும்மா இருக்கும்போதுதான் அடைப்பு தெரியும். சீனத்தில் இதற்குப் பிளம் பழக்கொட்டை ச்சி என்று பெயர். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் இந்த அறிகுறியை எழுதி, பான்ஸியா கிழங்கு, மக்னோலியா மரப்பட்டை, ஃபூலிங் என்னும் பூஞ்சை, இஞ்சி, பெரில்லா இலை ஆகிய ஐந்தும் சேர்ந்த கஷாயத்தையும் கொடுத்திருக்கிறார். இன்றும் அது புழக்கத்தில் உள்ளது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்விட்டுப் பார்த்து வேறு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகே நான் இவர்களைத் தொடுவேன். அதன் பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி தொண்டையைப் பற்றியதாக இருக்காது. "இது ஆரம்பித்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்பேன். பெரும்பாலும் சொல்ல முடியாத ஒரு சொல், கொடுக்க முடியாத ஒரு பதில் அங்கே இருக்கும்.

துக்கம் வேறு மாதிரி. அதில் முறுக்கு இருக்காது, குறைவு இருக்கும். கணவரை இழந்த ஓர் அம்மா வந்தால், அவர் பேசும் முன்பே தோள் முன்பக்கம் குவிந்திருப்பது தெரியும். குரல் வாக்கியத்தின் முடிவுவரை போய்ச் சேராது. வலது மணிக்கட்டில் நாடி மெலிந்திருக்கும். இவருக்குக் கோபக்காரருக்குக் கொடுப்பதுபோல ஊசியைத் திருகித் தூண்டக் கூடாது. ஏற்கெனவே கரைந்து போனதை மேலும் கலைத்துவிடுவோம். முதுகில் நுரையீரலுக்குரிய 'ஃபெய்ஷு' புள்ளியில் மூலிகைக் கங்கின் இளஞ்சூடு, மணிக்கட்டில் ஆழமில்லாத ஊசி, நிறைய நேரம். கோபக்காரர், இந்த அம்மா இருவருமே "தூக்கம் வரவில்லை" என்றுதான் வந்திருப்பார்கள். இருவரின் உணர்ச்சியும் வெவ்வேறு திசையில் போனதால் சிகிச்சையும் வேறாகிறது. அட்டவணையால் இதைச் சொல்லித்தர முடியாது.

இந்தக் கலையில் என் மனம் கவர்ந்த ஆசான் ஜாங் ஸிஹே. 1156 முதல் 1228 வரை, ஜின் அரசர்கள் காலத்தில் வாழ்ந்தவர். வாந்தி, பேதி, வியர்வை என்று நோயை வெளியே தள்ளும் கடுமையான முறைகளுக்குப் பேர் போனவர். அவருடைய 'ரூமென் ஷிச்சின்' நூலில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. பயணத்தில் விடுதியில் தங்கிய இரவில் கொள்ளையர் புகுந்து தீவைக்க, அவள் கட்டிலிலிருந்து விழுந்தாள். அதன்பின் சிறு சத்தம் கேட்டாலும் மயங்கி விழுவாள். வீட்டில் எல்லோரும் பூனைபோல நடந்தார்கள். மற்ற மருத்துவர்கள் இதய நோயென்று ஜின்செங் உள்ளிட்ட மருந்துகள் கொடுத்தும் ஓராண்டுக்கு மேல் பலனில்லை.

ஜாங் ஸிஹே மருந்தைத் தொடவில்லை. இரண்டு பணிப்பெண்கள் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவளை உயரமான நாற்காலியில் அமர்த்தினார். எதிரே ஒரு சிறு மேசை. "இதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மரக்கட்டையால் மேசையை ஓங்கி அடித்தார். அவள் பதறினாள். மேசையை அடித்ததற்கு ஏன் பயம் என்று கேட்டார். சற்று அடங்கியதும் மறுபடி அடித்தார், மறுபடியும். பிறகு கழியால் கதவைத் தட்டினார்கள். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலைக் கீறினார்கள். மெல்ல மெல்ல அவள் நிதானித்தாள், சிரித்தாள். அன்றிரவு ஆள் வைத்துப் பொழுதுவிடியும்வரை ஜன்னலைத் தட்டச் செய்தார். சில நாட்களில் இடி இடித்தாலும் அவள் கலங்கவில்லை. திடுக்கிடலைப் பழகிய ஒன்றாக ஆக்கு என்பது நெய்ஜிங் சொல்லும் விதி. பயந்தவள் கீழே குனிந்து பார்க்கும்படி மேசையைத் தாழ்வாக வைத்ததற்கும் காரணம் சொல்கிறார்: திடுக்கிட்ட மனம் மேலே பறக்கும், பார்வையைக் கீழே இழுத்தால் அதுவும் இறங்கும். 1958இல் ஜோசப் வோல்ப் அச்சத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையை நூலாக எழுதியபோது உலகம் அதைப் புதியதென்று கொண்டாடியது. அந்தப் பாராட்டில் ஜாங் ஸிஹேக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

நவீன காலத்திலிருந்தும் ஒன்று. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளெய்ன்மன், சாங்ஷா நகரின் ஹுனான் மருத்துவக் கல்லூரியில் 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர் எழுதப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்தார். தலைவலி, தூக்கமின்மை, தலைச்சுற்றல் என்றுதான் வந்திருந்தார்கள். அவர்களில் 87 பேருக்குத் தீவிர மனச்சோர்வுக்கான அளவுகோல்கள் பொருந்தின. கலாச்சாரப் புரட்சியின் காயங்கள் பலருக்கு இருந்தன. அந்தத் தலைவலி பொய்யில்லை, சாக்குமில்லை. பட்ட துன்பம் உடம்பு வழியாக வந்திருந்தது. இதிலிருந்து என் தொழிலுக்கு இரண்டு பாடங்கள் எடுத்துக்கொண்டேன். உடம்பின் புகாரை முழு மரியாதையோடு கேட்க வேண்டும். தீவிர மனச்சோர்வு என்று தெரிந்தால் ஊசியை மட்டும் நம்பி உட்காராமல் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சக சிகிச்சையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உன் கோபம்தான் உன் நோய்" என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சுமப்பவர் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றுவது வைத்தியமாகாது. அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் நாடியைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள், கேளுங்கள். நெஞ்சுவலி என்று வந்தவரை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். மேலே சொன்ன மூலிகைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பக்குவப்படுத்தாத பான்ஸியா நஞ்சு. எந்த மருத்துவரிடம் போனாலும், அறிகுறி தொடங்கிய நாட்களில் உங்கள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.