துப்பாக்கியின் மூக்கு

கெட்டியான சாமானைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை. பூட்டோ, தையல் இயந்திரமோ, எதுவாக இருந்தாலும் சரி, செய்தவன் போன பிறகும் அது உழைத்துக்கொண்டிருந்தால், முகம் தெரியாத அந்தத் தொழிலாளிக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். இந்த மரியாதையை ஒரு துப்பாக்கிக்கும் கொடுக்கலாமா? சில காலமாக என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது.

நான் சொல்லும் துப்பாக்கி ருமேனியாவில் பிறந்தது. அங்கே திரான்ஸில்வேனியாப் பிரதேசத்தில் குஜீர் என்று ஓர் ஊர். 1799-ல் இரும்புப் பட்டறையாகத் தொடங்கி, பிறகு ஆயுதத் தொழிற்சாலையாக வளர்ந்த ஸ்தாபனம் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. ஸோவியத் கலாஷ்னிகோவை மாதிரியாக வைத்து ருமேனியர்கள் உருவாக்கிய துப்பாக்கிக்கு '1963 மாடல்' என்று பெயர். 1968-ல் ஸோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. நாளைக்கு நமக்கும் இதே கதிதானோ என்ற கவலை ருமேனியாவைப் பிடித்துக்கொண்டது. அதிபர் சௌஷெஸ்கு, ஆலைத் தொழிலாளிகளையும் குடியானவர்களையும் சேர்த்துத் 'தேசபக்தக் காவல்படை' ஒன்றை அமைத்தார். அவர்களுக்கென்று செய்த துப்பாக்கி, குதிரையை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் சுடும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். பாதித் தானியங்கி என்பது இதுதான். அடையாளத்துக்கு 'ஜி' என்ற எழுத்தைப் பொறித்தார்கள்.

1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தது. பிறகு படையும் கலைந்தது, துப்பாக்கிகள் கலையவில்லை. அவற்றில் பல, உடற்கூட்டை அறுத்துவிட்டு, உதிரி பாகங்களாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அமெரிக்கச் சந்தைக்கென்றே பாதித் தானியங்கிகளைப் புதிதாகவும் செய்து அனுப்பினார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நெவாடா மாநிலத்தில் ஒரு கடையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுமார் மூன்றரைக் கிலோ கனம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மரத்துக்கு மெருகு போதவில்லை. குறி பார்க்கும் முன்முளை சற்றுச் சாய்ந்து நின்றது. இந்த மாறுகண், இந்த ரகத்துக்குப் பேர்போன குறை என்று கடைக்காரர் சிரித்தார். குறை சொன்ன அதே வாயால், பேரன் காலம் வரைக்கும் உழைக்கும் என்று புகழவும் செய்தார்.

புகழ்ச்சியில் பொய் இல்லை. உடற்கூடு என்னவோ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுதான். மடித்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். ஆனால் குழலைச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்தே உருவாக்கி, உட்புறம் குரோமிய முலாம் பூசுகிறார்கள். சுடும்போது வெடிவாயுவில் கொஞ்சம் ஒரு துவாரம் வழியே வந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனும் அதோடு ஓடும் பாகமும் நல்ல கனம். சுற்றிலும் தாராளமான இடைவெளி. ஆகவே கொஞ்சம் மண்ணும் கரியும் புகுந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும். தோட்டாவின் உடலும் நுனியை நோக்கிச் சற்றே ஒடுங்கியிருப்பதால் சிக்காமல் உருவிக்கொண்டு வரும். பழைய ராணுவத் தோட்டாக்களில் பலவற்றின் மருந்து ஒருவித உப்பை விட்டுச்செல்லும்; அதை மட்டும் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் குழலின் வாயில் திருகியிருக்கும் துண்டுக்குள் உப்பு ஒளிந்திருந்து துருவை வளர்க்கும்.

அந்தத் துண்டைத்தான் நான் மூக்கு என்கிறேன். கட்டைவிரல் நீளம் இருக்கும். முனையைச் சாய்வாகச் சீவிய குழாய். சுடும்போது துப்பாக்கி மேலும் வலமுமாக எகிறும். சீவிய உதட்டில் வாயு மோதி அதைக் கீழும் இடமுமாக அழுத்தும். படபடவென்று தொடர்ந்து சுடுகிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்; ஒவ்வொன்றாகச் சுடுகிறவனுக்குச் சொற்ப லாபம். இன்னொரு வகை மூக்கு, வாயுவைப் பக்கவாட்டில் திருப்பித் தோளில் விழும் உதையைக் குறைக்கும். பக்கத்தில் நிற்பவன் காதுதான் பாவம். மூன்றாவது வகை, வாயில் தெறிக்கும் நெருப்பைச் சிதறடித்து மறைக்கும்.

இந்த மூக்கின் மேல் ஒரு பெரிய தேசத்தின் சட்டமே கண் வைத்தது. 1994 செப்டம்பரில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், புதிய மேகஸின்கள் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்றது. அதோடு, மேகஸினைக் கழற்றி மாட்டக்கூடிய பாதித் தானியங்கியில், மடக்குக் கட்டை, கைத்துப்பாக்கி மாதிரிப் பிடி, முனைக் கத்தி மாட்டும் இடம், தீ மறைக்கும் மூக்கு அல்லது அதைத் திருகும் மரை, எறிகுண்டு செலுத்தும் சாதனம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்திருக்கக் கூடாது என்றது. உடனே பிடியை வைத்துக்கொண்டு மரையை விட்டுவிட்டார்கள். மொட்டை மூக்கோடு துப்பாக்கி துறைமுகத்தில் இறங்கியது. உதை குறைக்கும் மூக்கு தீயை மறைப்பதில்லை அல்லவா? அதைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிட்டால் சட்டத்துக்குச் சம்மதம். நுனியில் இவ்வளவு சாஸ்திரம்! குழலும் பிஸ்டனும் குண்டின் வேகமும் இருந்தபடியே இருந்தன. மீசையை மழித்துக்கொண்டு வந்தவனை, ஆளே வேறு என்று வாசற்காரன் உள்ளே விட்டதுபோல் ஆயிற்று.

அந்தச் சட்டத்துக்கு எழுதியிருந்த ஆயுளும் 10 வருஷந்தான். 2004 செப்டம்பரில் அது காலமாயிற்று. மரையும் சாய்வு மூக்கும் திரும்பி வந்தன. மொட்டையாக இறங்கிய துப்பாக்கிகளுக்குப் புது மூக்கு வைப்பதே சிலருக்கு ஒரு தொழிலாயிற்று.

2019 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவில் கில்ராய் என்ற ஊரில் பூண்டுத் திருவிழா நடந்தது. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்து சுட்டான். மூன்று பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவன் 6 வயதுப் பையன்; ஒருத்தி 13 வயதுச் சிறுமி. கொலையாளியின் கையில் இருந்தது ருமேனியாவில் செய்த கலாஷ்னிகோவ் ரகத் துப்பாக்கி. அதே மாதந்தான் நெவாடாவில் சட்டப்படி வாங்கியிருந்தான். பேரன் காலம் வரைக்கும் உழைக்கும் என்ற பேச்சு எனக்கு அன்று வேறு விதமாகக் கேட்டது. அந்த மூவருக்கும் முன்னால், மூக்கு எந்த வகை என்ற சர்ச்சைக்கு என்ன அர்த்தம்?

குஜீர் தொழிலாளியின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டியாகச் செய்வது அவன் வேலை, செய்தான். ஆனால் உறுதி என்பது தனியாக நிற்கும்போது நல்ல குணமும் அல்ல, கெட்ட குணமும் அல்ல. யார் கையில் அகப்பட்டதோ அவன் குணம் அதற்கு. இரும்பு அடிக்கிறவன் மூன்று தலைமுறைக்குக் கணக்குப் போடுகிறான். சட்டம் எழுதுகிறவன் 10 வருஷத்துக்குப் போடுகிறான், அதுவும் பாதி மூக்கு நுனியோடு. ஒரு சாமான் எத்தனை காலம் உழைக்குமோ, அத்தனை காலமும் அது யார் கைக்குப் போகிறது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கெட்டியாகச் செய்கிற பட்டறையைத்தான் இன்னும் காணோம்.